இலவசமாக வந்த உதிரிப் பாகங்களை நம்பிப் பழைய கணினியை மேம்படுத்தலாமா?

பழையபெட்டி (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். நான் பணிபுரியும் இடத்தில் பழைய கணினிகளைக் கழித்தபோது, அவற்றைப் பிரித்துப் போட்ட நண்பர் ஒருவர், "குப்பைக்குப் போவதைவிட உன்னிடம் இருக்கட்டும்" என்று ஒரு துணிப்பை நிறைய பாகங்களைக் கொடுத்துவிட்டார். பையை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து எனக்கு அதே நினைவுதான். ஆனால் கணக்குப் போடப் போட, இலவசம் என்று தொடங்கியது எங்கோ இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

வீட்டில் இருப்பது 2011இல் வாங்கிய மேசைக் கணினி. இன்டெல் கோர் ஐ5-2400 புராசசர், எச்61 சிப்செட் (பாகங்களை இணைக்கும் சில்லு) கொண்ட மதர்போர்டு, அதில் இரண்டே ரேம் (நினைவகம்) ஸ்லாட்டுகள், அவற்றில் 2 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், கேபினட்டோடு சேர்ந்து வந்த 300 வாட் எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கி). தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. இயங்குதளம் விண்டோஸ் 10.

பையில் இருப்பவை: கோர் ஐ7-3770 புராசசர் ஒன்று, என்விடியா ஜிடிஎக்ஸ் 660 கிராபிக்ஸ் கார்டு ஒன்று, 8 ஜிபி ரேம் இரண்டு, 4 ஜிபி ரேம் இரண்டு, 1 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று.

நான் கணினியில் விளையாடுவதில்லை. ஆவணங்கள், விரிதாள்கள், பத்துப் பதினைந்து உலாவித் தாவல்கள், மகளின் இணைய வகுப்பு, அவ்வப்போது சில படங்களைத் திருத்துவது, இவ்வளவுதான். ஆனால் இயக்கியதிலிருந்து வேலை செய்யும் நிலைக்கு வர நான்கு நிமிடத்துக்கு மேல் ஆகிறது. அதன் பிறகும் ஒரு சாளரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனால் சற்று நேரம் உறைந்து நிற்கிறது. பையிலுள்ள அனைத்தையும் பொருத்த வேண்டுமென்றால் புது எஸ்எம்பிஎஸ் வேண்டும், ஒருவேளை புராசசரைக் குளிர்விக்கும் புது கூலரும் வேண்டும், கிராபிக்ஸ் கார்டின் நீளத்தைப் பார்த்தால் கேபினட்டும் போதாது போலிருக்கிறது. இவற்றையெல்லாம் வாங்குவது நியாயமா, அல்லது பையை அப்படியே வேறு யாருக்காவது கொடுத்துவிடுவது நல்லதா?


சாலிடர்புகை:

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதைக்குள் நீங்கள் ஒரு காலை வைத்துவிட்டீர்கள் நண்பரே, ஆனால் இன்னும் வெளியே வந்துவிடலாம். எதை வாங்குவது என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். "இந்தப் பையில் உள்ளவற்றை வைத்து என்ன செய்யலாம்?" என்று நீங்கள் கேட்கிறீர்கள். "என் கணினி எதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது?" என்றுதான் கேட்க வேண்டும். அதற்கு விடை தெரிந்த பிறகு அந்த விடை பையில் இருக்கிறதா என்று தேடலாம்.

ஆகவே மூன்று காரியங்கள் செய்யுங்கள். கணினி உறைந்து நிற்கும் அதே வேளையில் பணி மேலாளரைத் திறந்து, புராசசர், நினைவகம், டிஸ்க் ஆகிய மூன்றும் எத்தனை விழுக்காட்டில் இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்று பாருங்கள்; பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் 300 வாட்டை நம்பாதீர்கள். கடைசியாக, பையிலுள்ள நான்கு ரேம்களின் ஒட்டுச்சீட்டுகளில் இருப்பதை எழுத்து விடாமல் இங்கே எழுதுங்கள். குறிப்பாகக் கடைசி எழுத்து முக்கியம்.


திருப்புளி:

எனக்கு இவ்வளவு ஆராய்ச்சி தேவையில்லை என்றே தோன்றுகிறது. உங்கள் ஐ5-2400 நான்கு உள்ளகம் (கோர்), நான்கு இழை (த்ரெட்) கொண்டது. பையில் இருக்கும் ஐ7-3770 நான்கு உள்ளகம், எட்டு இழை. இரண்டும் ஒரே எல்ஜிஏ 1155 சாக்கெட்டில் (மதர்போர்டில் புராசசர் அமரும் இடம்) உட்காரும். பழையது 32 நானோமீட்டர், 95 வாட்; புதியது 22 நானோமீட்டர், 77 வாட். கூடுதல் வேகம், குறைந்த சூடு, செலவு எதுவும் இல்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உங்கள் பழைய கூலரே அதற்குப் போதும், தெர்மல் பேஸ்ட் மட்டும் புதிதாகத் தடவுங்கள். எல்லாவற்றையும் பொருத்திப் பாருங்கள். கெட்டுப்போனால் போகட்டும், கற்றுக்கொண்டது மிச்சம். நான் இந்தத் தொழிலைக் கற்றதே இப்படிப்பட்ட பைகளிலிருந்துதான்.


வாட்மீட்டர்:

நண்பர் திருப்புளிக்குக் கணினி ஒரு விளையாட்டுப் பொருள். இழையைத் தொடங்கியவருக்கோ அதில்தான் மகள் படிக்க வேண்டும். கெட்டுப்போனால் போகட்டும் என்று அவரால் எப்படிச் சொல்ல முடியும்?

என் கருத்து வேறு. நீங்கள் பேசிக்கொண்டிருக்கும் இரண்டு புராசசர்களில் ஒன்று 2011 தொடக்கத்தில் வந்தது, மற்றது 2012 ஏப்ரலில் வந்தது. பதினைந்து வயதை நெருங்கும் ஒன்றைக் கழற்றிவிட்டு அதைவிட ஓராண்டு மட்டுமே இளையதைப் பொருத்துவதற்கு மேம்படுத்துதல் என்று பெயர் வைப்பது சற்று அதிகம். என்னிடமும் இதே தலைமுறைக் கணினி ஒன்று இருந்தது. கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், எந்த வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே மின்னளவியில் 48 வாட் காட்டும். இப்போது வைத்திருக்கும், பிறர் பயன்படுத்திக் கைமாறி வந்த சிறிய அலுவலகக் கணினி அதே நிலையில் 11 வாட் காட்டுகிறது. வேறுபாடு 37 வாட். ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் ஆண்டுக்கு 108 யூனிட் மின்சாரம். பாகங்கள் இலவசமாக வந்திருக்கலாம், அவற்றை ஓட்டுவது இலவசம் அல்ல. எட்டாம் தலைமுறை இன்டெல் கொண்ட பழைய அலுவலகக் கணினி ஒன்றைத் தேடி வாங்கிவிட்டு இந்தப் பையை மறந்துவிடுங்கள்.


திருப்புளி:

ஆண்டுக்கு 108 யூனிட் என்பது அந்தக் கணினி நாள்தோறும் எட்டு மணி நேரம் ஓடினால்தான். மாலையில் இரண்டு மணி நேரம் ஓடும் வீட்டுக் கணினிக்கு அது 27 யூனிட்டாகிவிடும். அந்த 27 யூனிட்டை மிச்சம் பிடிக்க ஒரு முழுக் கணினியை வாங்கச் சொல்கிறீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றைக் குப்பையாக்குவதற்கும் ஒரு விலை இருக்கிறது, அது உங்கள் மின்னளவியில் தெரியாது.


பழையபெட்டி:

அனைவருக்கும் நன்றி. நாங்கள் கணினியை ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் பயன்படுத்தினால் அதிகம்.

நண்பர் சாலிடர்புகை கேட்டவை இதோ. உலாவியும் இணைய வகுப்பும் ஓடும்போது பணி மேலாளரில் நினைவகம் 94 விழுக்காடு, டிஸ்க் 100 விழுக்காடு, புராசசர் 22க்கும் 35க்கும் இடையே ஏறி இறங்குகிறது. எஸ்எம்பிஎஸ் அட்டவணையில் 12 வோல்ட் கட்டத்தில் 13 ஆம்பியர் என்று இருக்கிறது.

ரேம்களின் ஒட்டுச்சீட்டு: 8 ஜிபி இரண்டிலும் "2ஆர்×8 பிசி3-12800யூ" என்று இருக்கிறது. 4 ஜிபி இரண்டிலும் "பிசி3-10600ஆர்" என்று இருக்கிறது. 4 ஜிபி ரேம்களில் ஒவ்வொரு பக்கமும் ஒன்பது சில்லுகள் உள்ளன. நடுவில், மற்றவற்றைப் போலில்லாமல் படுக்கைவாட்டில் ஒரு சிறிய சில்லும் இருக்கிறது. அது ஏன் என்று தெரியவில்லை.


சாலிடர்புகை:

பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

உங்கள் புராசசர் மூன்றில் ஒரு பங்கு வேலைதான் செய்கிறது. மீதி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கிறது. எனவே அதைவிட வேகமான புராசசரைப் பொருத்தினால், அது இன்னும் வேகமாகச் சும்மா உட்கார்ந்திருக்கும். டிஸ்க் 100 விழுக்காட்டில் நிற்கிறதே, ஹார்ட் டிஸ்க்கைத்தான் மாற்ற வேண்டும் என்று தோன்றலாம். அது பாதி உண்மைதான். 4 ஜிபி நிறைந்துவிட்டதால் விண்டோஸ் தன் நினைவகத்தின் ஒரு பகுதியை ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைப்பதும், நீங்கள் தாவலை மாற்றும்போது அதைத் திரும்பப் படிப்பதுமாக இருக்கிறது. நீங்கள் சொன்ன அந்த உறைநிலை இதுதான். 7200 சுற்று டிஸ்க் ஒரு முறை சுழல 8.3 மில்லி விநாடி ஆகிறது. தேவையான இடம் படிக்கும் முனைக்குக் கீழே வர சராசரியாக அதில் பாதி. முனை நகர்ந்து செல்லும் நேரத்தையும் சேர்த்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பவற்றை அது விநாடிக்கு எண்பது, நூறு முறைக்கு மேல் எடுத்துத் தர முடியாது. அதே வேலையை எந்தச் சாதாரண எஸ்எஸ்டியும் (சுழலும் தட்டு இல்லாத சேமிப்பகம்) விநாடிக்குப் பல ஆயிரம் முறை செய்யும். ஆகவே உங்கள் நோய் முதலில் ரேம் பற்றாக்குறை, அதற்கு அடுத்தது ஹார்ட் டிஸ்க்கின் மந்தம். புராசசர் இந்தப் பட்டியலிலேயே இல்லை.

ரேம்களில் அந்தக் கடைசி எழுத்தைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 'யூ' என்று முடிபவை சாதாரண மேசைக் கணினி ரேம்கள். உங்கள் கணினிக்குப் பொருந்தும். 'ஆர்' என்று முடிபவை சர்வர்களுக்கானவை. நடுவில் படுத்திருக்கும் சில்லுதான் ரெஜிஸ்டர், கட்டளைகளை இடைநின்று கடத்துவது; ஒன்பதாவது சில்லு பிழைதிருத்தத்துக்கானது. இதில் பொல்லாத விஷயம் என்னவென்றால், டிடிஆர்3 தலைமுறை ரேமில் இரண்டு வகைக்கும் 240 முனைகள், நடுவிலுள்ள வெட்டும் ஒரே இடம். ஆகவே உங்கள் ஸ்லாட்டில் கச்சிதமாக உட்காரும், கிளிப்பும் சொடுக்கென்று விழும், ஆனால் திரை கறுப்பாகவே இருக்கும். மதர்போர்டு செத்துவிட்டது என்று எண்ணி அதைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. அந்த இரண்டையும் ஓரமாக வைத்துவிடுங்கள். என்னிடம் ஒரு பழைய சர்வர் ஓடிக்கொண்டிருக்கிறது. வேறு யாருக்கும் வேண்டாமென்றால் நான் எடுத்துக்கொள்கிறேன்.

எச்61 அதிகபட்சம் 16 ஜிபி ஏற்கும். இரண்டு 8 ஜிபியும் நலமாக இருந்தால் அதன் எல்லையைத் தொட்டுவிடுவீர்கள். அவை 1600 வேகத்துக்கான ரேம்கள். உங்கள் ஐ5-2400 அவற்றை 1333இல் ஓட்டும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

இப்போது எஸ்எம்பிஎஸ். 12 வோல்ட்டை 13 ஆம்பியரால் பெருக்கினால் 156 வாட். கணினியின் பெரும் சுமையான புராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் உண்கின்றன. 300இல் மிச்சமெல்லாம் 3.3, 5 வோல்ட் தடங்களுக்குப் போய்விடுகிறது. ஜிடிஎக்ஸ் 660க்கு மட்டும் 140 வாட். புராசசருக்கு 95. கூட்டிப் பாருங்கள். அந்தக் கார்டுக்கு என்விடியா பரிந்துரைத்ததே 450 வாட் எஸ்எம்பிஎஸ். மோலெக்ஸ் என்ற பழைய மின்செருகிகள் இரண்டை, கார்டுக்கு வேண்டிய ஆறு முனையாக மாற்றும் கம்பி கிடைக்கிறதே என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இணைப்பின் வடிவம் மாறிவிடும், ஆம்பியர் கூடாது.


திருப்புளி:

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். 12 வோல்ட் கணக்கை நான் பார்க்கவில்லை. ஆனால் புராசசர் பற்றி நீங்கள் சொல்வதை ஏற்க மாட்டேன். இன்றைக்கு ரேம் தடையாக இருக்கிறது. ரேமும் எஸ்எஸ்டியும் போட்ட பிறகு நாளைக்குத் தடையாக நிற்கப் போவது எது? புராசசர்தானே? கையில் சும்மா இருப்பதைப் பிறகு எதற்காக ஒதுக்க வேண்டும்?


நிழல்வட்டு:

நடுவில் புகுந்ததற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த 1 டிபி ஹார்ட் டிஸ்க்கைப் பற்றி யாரும் பேசவில்லை. பையிலேயே அதிக ஆபத்தானது அதுதான். ரேம் கெட்டிருக்கிறதா என்பதைச் சோதித்துத் தெரிந்துகொள்ளலாம். ஹார்ட் டிஸ்க் சாகும்போது உங்கள் கோப்புகளையும் உடன் கொண்டுபோய்விடும். கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற ஒரு கருவியால் அதன் ஸ்மார்ட் விவரங்களை (டிஸ்க் தன் நலத்தைத் தானே பதியும் பட்டியல்) பார்த்து, கெட்டவையும் ஐயத்துக்குரியவையுமான பிரிவுகளைக் காட்டும் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளையும், மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

இன்னொன்று: அது அலுவலகத்திலிருந்து வந்த டிஸ்க். அதில் பிறருடைய ஆவணங்கள் இருக்கக்கூடும். திறந்து பார்க்காமல் முழுவதுமாக அழித்துவிடுவதுதான் முறை. விரைவு ஃபார்மேட் எதையும் அழிப்பதில்லை, அட்டவணையை மட்டும் கிழித்துப் போடுகிறது.


பழையபெட்டி:

பார்த்தேன். 41,000 மணி நேரம் ஓடியிருக்கிறது. 05 வரியில் சுழியம். சி5 வரியில் பல சுழியங்களுக்குப் பிறகு 18 என்று இருக்கிறது. பதினெட்டுத்தானே, 1 டிபியில் அது ஒரு பொருட்டா?


நிழல்வட்டு:

அது பதினெட்டு அல்ல. அந்தக் கருவி கச்சா மதிப்புகளை இயல்பாகப் பதினாறடிமான எண்களில்தான் காட்டும்; அதில் 18 என்றால் ஒரு பதினாறும் எட்டும், நம் கணக்கில் 24. அதாவது இருபத்து நான்கு பிரிவுகளை டிஸ்க்கால் சரியாகப் படிக்க முடியவில்லை. கெட்டவை என்று ஒதுக்கவும் இன்னும் முடிவு செய்யவில்லை, அவற்றை ஐயத்தில் வைத்திருக்கிறது. எண்ணிக்கை சிறியதாகத் தெரியலாம். ஆனால் சுழியத்தைத் தவிர வேறு எந்த எண் அங்கே இருந்தாலும் அந்த டிஸ்க்கில் நான் ஒரே பிரதியாக எதையும் வைக்க மாட்டேன். 41,000 மணி என்பது இரவு பகல் நிற்காமல் ஓடினால் நான்கரை ஆண்டுகளுக்கும் மேல். உழைத்துக் களைத்த டிஸ்க், விட்டுவிடுங்கள்.


இரவுப்பணி:

புராசசர் மாற்றுவதைப் பற்றி என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அது "சும்மா கழற்றி மாட்டுகிற" வேலை அல்ல. எச்61 மதர்போர்டுகள் பெரும்பாலும் இரண்டாம் தலைமுறை புராசசர்களுக்காக வெளிவந்தவை. ஐ7-3770 மூன்றாம் தலைமுறை. சாக்கெட் ஒன்றாக இருந்தாலும் பழைய பயாஸ் (கணினியை எழுப்பும், மதர்போர்டிலுள்ள மென்பொருள்) அதை அடையாளம் காணாது. முதலில் பழைய புராசசரை வைத்துக்கொண்டே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முன்னேற்றப் பட்டை 60 விழுக்காட்டைத் தாண்டும்போது மின்சாரம் போய்விட்டது. மின்சாரம் திரும்பி வந்தபோது மின்விசிறி மட்டும் சுழன்றது, வேறு எதுவும் இல்லை. வேலை செய்துகொண்டிருந்த கணினி, இலவசமாக வந்த புராசசருக்காகச் செத்தது. யுபிஎஸ்ஸில் மாட்டாமல் செய்தது என் தவறுதான், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு கண்டம் சாக்கெட்டிலேயே இருக்கிறது. இந்த வகையில் ஊசிகள் புராசசரில் இல்லை, மதர்போர்டில் இருக்கின்றன. முடியைப் போன்ற 1155 ஊசிகள். புராசசரை வைக்கும்போது ஒரு மூலை கை நழுவி விழுந்தால் போதும். வளைந்த ஊசியைப் பூதக்கண்ணாடியும் குண்டூசியும் கொண்டு நிமிர்த்துவதற்குள் கண் போய்விடும்.


சாலிடர்புகை:

நண்பர் இரவுப்பணி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்தப் புராசசரால் கிடைக்கும் பலன் என்ன என்று பாருங்கள். ஐ5-2400 உச்சமாக 3.4 கிகாஹெர்ட்ஸ் போகும், ஐ7-3770 உச்சமாக 3.9. தலைமுறை முன்னேற்றத்தையும் சேர்த்தால், ஆவணமும் உலாவியும் போன்ற வேலைகளில் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடலாம். எட்டு இழைகளின் முழுப் பலன் காணொளியை வடிவம் மாற்றுவது, பெரிய நிரல்களைத் தொகுப்பது போன்றவற்றில்தான் தெரியும். நண்பர் பழையபெட்டி அந்த இரண்டையும் செய்வதாகச் சொல்லவில்லை. ஆகவே நண்பர் திருப்புளிக்கு என் விடை: நாளைக்குப் புராசசர் தடையாக நின்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். அது பெட்டியில் இருந்தால் அழுகிப் போகாது.


பழையபெட்டி:

இன்னும் ஒரு ஐயம். வகுப்புக் காணொளிகள் சில சமயம் திக்கித் திக்கி ஓடுகின்றன. கிராபிக்ஸ் கார்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள், சரி. ஆனால் காணொளிக்காகவாவது அது உதவாதா? அதற்காக எஸ்எம்பிஎஸ் வாங்குவதில் பொருள் உண்டா?


சாலிடர்புகை:

உதவாது. யூடியூப் காணொளிகளில் பெரும்பகுதி இப்போது விபி9, ஏவி1 என்ற வடிவங்களில் வருகிறது. ஜிடிஎக்ஸ் 660 கெப்ளர் தலைமுறை, அதில் எச்.264 என்ற பழைய வடிவத்தை விரிக்கும் பகுதி உண்டு, விபி9க்கு இல்லை. உங்கள் புராசசருக்குள்ளேயே இருக்கும் எச்டி 2000 கிராபிக்ஸுக்கும் அதே நிலைதான். அதாவது 140 வாட் உண்ணும் கார்டைப் பொருத்திய பிறகும் அந்தக் காணொளியைப் புராசசர்தான் சுமக்கப் போகிறது. மேலும் கெப்ளர் கார்டுகளுக்கு வழக்கமான புதிய டிரைவர் வெளியிடுவதை என்விடியா 2021இலேயே நிறுத்திவிட்டது. உங்கள் நான்கு உள்ளகங்கள் 1080பி காணொளியை மென்பொருள் வழியாகவே விரித்துவிடும். ரேம் நிறைந்து டிஸ்க்கோடு மல்லுக்கட்டுவதால்தான் திக்குகிறது என்பது என் கணிப்பு. ரேமைப் போட்டுவிட்டுப் பாருங்கள். அப்போதும் திக்கினால், யூடியூப் காணொளிகளை எச்.264 வடிவிலேயே தரும்படி கேட்கும் உலாவி நீட்சிகள் உள்ளன, 1080பி வரை அவை போதும்.


வாட்மீட்டர்:

எல்லாம் சரி, இயங்குதளத்தை ஏன் யாரும் பேசவில்லை? விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. தனிப்பயனர்கள் கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டாலும் 2026 அக்டோபர் 13 வரைதான். விண்டோஸ் 11 இன்டெல்லில் ஏறத்தாழ எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரப்பூர்வமாக ஏற்கும், டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு) வேறு வேண்டும். ஐ5 ஆனாலும் ஐ7 ஆனாலும் இரண்டுமே வாசலுக்கு வெளியேதான் நிற்கின்றன. கட்டுப்பாட்டைத் தாண்டி நிறுவும் வழிகள் இருக்கின்றன. இந்தப் புராசசர்களில் பாப்கவுன்ட், எஸ்எஸ்இ4.2 கட்டளைகள் இருப்பதால் விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பும் ஓடும். ஆனால் அப்படி நிறுவிய கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. மகள் படிக்கும் கணினியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

நான் முதலில் சொன்னதிலிருந்து சற்று இறங்கி வருகிறேன். மூன்று மணி நேரப் பயன்பாட்டுக்கு மின்சாரக் கணக்கு பெரிதாக இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: அடுத்த கணினிக்கு எடுத்துச் செல்ல முடியாத எதற்கும் காசு செலவழிக்காதீர்கள். சாட்டா (டிஸ்க் இணைப்பு வகை) எஸ்எஸ்டி வாங்கலாம், நாளை வேறு கணினியிலோ வெளிப்புற டிஸ்க்காகவோ அது பயன்படும். இந்தக் கணினிக்கென்றே டிடிஆர்3 ரேமோ 1155 கூலரோ விலைக்கு வாங்குவது தண்ணீரில் போட்ட காசு. பிறகு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவிவிடுங்கள்.


திருப்புளி:

எச்61இல் 6 ஜிகாபிட் சாட்டா கிடையாது, 3 ஜிகாபிட்தான். எஸ்எஸ்டி பாதி வேகத்தில்தான் ஓடும் என்பதையும் சொல்லிவிடுங்கள், பிறகு ஏமாந்ததாக நினைக்கக் கூடாது.


சாலிடர்புகை:

உண்மைதான். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்தால் விநாடிக்கு 270 எம்பி அளவில் நின்றுவிடும், அட்டையில் போட்டிருக்கும் 550 வராது. ஆனால் இயங்குதளம் எழுந்திருக்கும்போது நடப்பது பெரிய கோப்பு நகல் அல்ல. ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்குமிங்குமிருந்து பொறுக்கும் வேலை அது. அதில் எந்த எஸ்எஸ்டியும் 270ஐ எட்டிப் பிடிக்கவே பிடிக்காது. அந்தக் குறுகிய வாசலை உங்கள் வேலையில் நீங்கள் உணர மாட்டீர்கள்.


பழையபெட்டி:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் இரண்டு 8 ஜிபி ரேம்களையும் சேர்த்துப் பொருத்தினேன். திரை வரவே இல்லை. பயந்துவிட்டேன். கழற்றிப் பார்த்தபோது பொன்னிற முனைகளில் மங்கலாக ஒரு படலம் இருந்தது. பென்சில் அழிப்பானால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் தூரிகையால் தட்டிவிட்டுத் திரும்பப் பொருத்தியதும் 16 ஜிபி என்று காட்டியது. அப்போதே கொண்டாடியிருப்பேன், ஆனால் இங்கே படித்த பழைய இழைகள் நினைவுக்கு வந்ததால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ யுஎஸ்பியில் எழுதி இரவு முழுவதும் ஓடவிட்டேன். காலையில் திரை முழுக்கச் சிவப்பு வரிகள்.

பிறகு ஒவ்வொரு ரேமாகச் சோதித்தேன். ஒன்று இரவு முழுவதும் பிழையின்றி ஓடியது. மற்றொன்று இருபது நிமிடத்தில் பிழை காட்டியது. ஸ்லாட்டில் குறையா ரேமில் குறையா என்று அறிய ஸ்லாட்டை மாற்றிப் போட்டேன். பிழை ரேமோடு கூடவே போனது, முகவரி கூட ஏறத்தாழ அதேதான். ஆகவே அந்த ஒன்று கழிவு. இப்போது நல்ல 8 ஜிபியும் என் பழைய 2 ஜிபியில் ஒன்றும் சேர்ந்து 10 ஜிபியாக ஓடுகிறது.

ரேம் மட்டும் மாற்றிய பிறகு தொடங்கும் நேரம் நான்கு நிமிடத்திலிருந்து மூன்றரையாகத்தான் குறைந்தது. ஆனால் சாளரம் மாற்றும்போது உறைந்து நிற்பது அன்றைக்கே போய்விட்டது. வகுப்புக் காணொளியும் திக்கவில்லை. அடுத்த வாரம் 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, லினக்ஸ் மின்ட்டை நிறுவினேன். பொத்தானை அழுத்தியதிலிருந்து உலாவி திறக்கும் வரை 38 விநாடி. மகள் இரண்டு நாள் "ஐகான்கள் மாறிவிட்டன" என்று குறைப்பட்டாள், பிறகு மறந்துவிட்டாள். பழைய 500 ஜிபி டிஸ்க்கின் சி5 சுழியம் என்பதால் அதைப் படங்களின் இரண்டாம் பிரதிக்கு வைத்துக்கொண்டேன்.


சாலிடர்புகை:

8 ஜிபியும் 2 ஜிபியும் சமமற்றவை என்பதால் முதல் 4 ஜிபி இரட்டைத் தடத்திலும் (இரண்டு ரேமையும் ஒருசேரப் படிப்பது) மீதி 6 ஜிபி ஒற்றைத் தடத்திலும் ஓடும். உங்கள் வேலைக்கு அந்த வேறுபாடு தெரியாது, அப்படியே விடுங்கள். கெட்ட ரேமைப் பையில் திரும்பப் போடாதீர்கள். அதன்மேல் ஒரு கோடு போட்டு மின்கழிவில் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஓராண்டு கழித்து நீங்களே அதை நல்லது என்று நினைத்து இன்னொருவருக்குக் கொடுப்பீர்கள்.


திருப்புளி:

ஆக, ஏழு பாகங்கள் வந்த பையிலிருந்து ஒரே ஒரு ரேம்தான் உள்ளே போயிருக்கிறது. ஐ7 என்ன ஆயிற்று?


பழையபெட்டி:

மதர்போர்டின் ஆதரவுப் பட்டியலைப் பார்த்தேன். என்னிடம் இருப்பது மூன்றாம் தலைமுறைக்கு முந்தைய பயாஸ், புதுப்பித்தால்தான் ஏற்கும். எங்கள் வீட்டில் யுபிஎஸ் இல்லை. நண்பர் இரவுப்பணியின் 60 விழுக்காட்டைப் படித்த பிறகு எனக்கு அந்தத் துணிவும் இல்லை. இணைய வகுப்பு ஓடும்போது இப்போதும் புராசசர் 40 விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. ஆகவே அதைக் கடத்தும் தன்மையுள்ள பஞ்சு அட்டையில் வைத்து, மேலே "3770, சோதிக்கவில்லை" என்று எழுதி மேசை இழுப்பறைக்குள் வைத்திருக்கிறேன். கிராபிக்ஸ் கார்டை, 500 வாட் எஸ்எம்பிஎஸ் வைத்திருக்கும் உடன் பணிபுரிபவர் ஒருவர் தன் மகனுக்காக எடுத்துக்கொண்டார். 1 டிபி டிஸ்க்கை ஒரு முறை முழுவதும் சுழியங்களால் நிரப்பி அழித்துவிட்டுக் கழிவில் சேர்த்தேன்; நிரப்பி முடிக்கும்போது சி5 இன்னும் ஏறியிருந்தது.

நண்பர் சாலிடர்புகை, அந்த 'ஆர்' ரேம்கள் இரண்டும் உங்களுக்கே. தனிமடலில் முகவரி அனுப்புங்கள். நான் அவற்றைச் சோதிக்கவில்லை, சோதிக்க என்னிடம் வழியும் இல்லை. ஆகவே மெம்டெஸ்ட் ஓட்டாமல் சர்வரில் பொருத்திவிடாதீர்கள்.